குருவிமலையில் மூக்கன் கட்டிய குளம்

நெளுக்குளத்தில் மூக்கனைத் தெரியாதவர்கள் இருக்கலாம். அவனிடம் ஏச்சு வாங்காதவர்கள் இல்லை. கிணற்றடியில் வாளி நிரம்பி வழிந்தால் ஏச்சு. வரம்பில் நண்டு துளைத்த ஓட்டையால் ஒரு சிரட்டைத் தண்ணீர் பக்கத்து வயலுக்குப் போனால் இன்னும் பெரிய ஏச்சு. மார்கழியில் குளம் நிரம்பி மிச்சத் தண்ணீர் வெளியே வான் பாயும்போது ஊர்ச் சனம் குளக்கட்டில் ஏறி நின்று புதினம் பார்க்கும். மூக்கன் மட்டும் ஒரு ஓரமாகக் குந்தியிருந்து, "இவ்வளவும் சும்மா போகுதே" என்று வயிறெரிவான். சொந்தமாக இருந்தது இரண்டு ஏக்கர் வயல். நினைப்பு என்னவோ குளத்துத் தண்ணீர் முழுவதும் தன் வீட்டுக் குடத்தில் இருப்பதாக.

இத்தனைக்கும் அவன் பிறந்தது தண்ணீர் இரவு பகலாய் ஓடியும் அதை யாரும் திரும்பியும் பார்க்காத இடத்தில். நோர்வூட்டுக்கு மேலே, குருவிமலைத் தேயிலைத் தோட்டம், தொழிலாளர் வரிசை வீடுகளில் மேல் லயம். எழுபத்தேழில் இனக்கலவரம் நடந்தபோது மீசை அரும்பிய வயதில் ஒரு லொறியில் தொற்றிக்கொண்டு வந்து வவுனியாவில் இறங்கினான். காடு வெட்டினான், பற்றை எரித்தான், குடிக்கத் தண்ணீர் வேண்டுமென்று கிணறு தோண்டினான். பாறை வந்தது. தள்ளிப்போய் இன்னொன்று தோண்டினான். அதிலும் பாறை. அடுத்ததில் ஊற்றுக்கண் திறந்தபோது கிணற்றுக்குள் இருந்தபடியே விம்மி விம்மி அழுதான் என்று சொல்வார்கள். மனிதனுக்கு அன்றைக்குப் பிடித்த தண்ணீர்ப் பைத்தியம் இன்னும் தெளியவில்லை.

பிறகு, யாழ்ப்பாணத்திலிருந்து வந்து குளத்துக்குக் கீழே நெல் விதைத்துக்கொண்டிருந்த அப்புத்துரையின் மகள் சிவனேஸ்வரியைக் கலியாணம் முடித்தான். அப்புத்துரை சம்மதித்தது பெரிய கதை. மருமகன் வந்த பிறகு தன் வயலுக்கு ஒழுங்காகத் தண்ணீர் வருகிறது என்று கண்டதும் மனிதர் வாயை மூடிக்கொண்டார் என்பது மட்டும் இங்கே போதும். காலப்போக்கில் மூக்கனின் மலைநாட்டு 'ஆமா' எல்லாம் யாழ்ப்பாணத்து 'ஓம்' ஆகிவிட்டது. மகள் அனோஜா பிறந்தாள், வளர்ந்தாள், பாலர் பள்ளியில் ரீச்சரானாள். தொண்ணூற்றெட்டில் அவளுக்குக் கலியாணம் பேசி, வருகிற தை மாதத்துக்கு நாளும் வைத்தாகிவிட்டது.

சிக்கல் அங்கேதான் வந்தது. மூக்கனுக்கு உடன்பிறப்பென்று இருப்பது ஒரே அக்கா, கமலாட்சி. தாய் கொழுந்தெடுக்கப் போன நேரமெல்லாம் தம்பியை இடுப்பில் தூக்கி வளர்த்தவள். குருவிமலையிலேயே வாழ்க்கைப்பட்டு, இன்றுவரை தம்பி வீட்டு வாசலை மிதிக்காதவள். காரணம் அவள் புருஷன் மாயாண்டி. எப்போது ஆள் சொல்லி அனுப்பினாலும் அவரிடமிருந்து ஒரே பதில்தான் வரும். அது தண்ணியில்லாக் காடு, யானை வரும், சண்டையில செல் விழும், எம்பொஞ்சாதிய அனுப்ப மாட்டேன்.

"அக்கா வந்து நிக்காத பந்தலிலை நானும் நிக்கமாட்டன்" என்று மூக்கன் சொல்லிவிட்டான். கோபத்தில் சொல்லியிருந்தால் சிவனேஸ்வரி கணக்கெடுத்திருக்கமாட்டாள். சொல்லிவிட்டு அன்று முழுக்க அவன் யாரையும் ஏசவில்லை. அதனால்தான் ஓகஸ்ட் விடுமுறைக்குக் குடும்பமாக மலைக்குப் போய்ச் சில நாள் தங்கி, நல்ல பிள்ளையாக நடந்து, மச்சானின் வாயிலிருந்து 'சரி' என்ற ஒரு சொல்லைக் கறந்துகொண்டு வருவதென்று முடிவாயிற்று.

"இஞ்ச பாருங்கோ" என்றாள் சிவனேஸ்வரி, பயணத்துக்கு முதல் நாள். "அங்க போய் ஆரையும் திருத்த வெளிக்கிடாதேங்கோ. மச்சான் காகம் வெள்ளை எண்டு சொன்னாலும் ஓம் எண்டுங்கோ. அலுவல் முடியுமட்டும் வாயைத் திறக்கப்படாது."

"திறக்கமாட்டன்."

வாயைப் பற்றி மட்டுமே வாக்குக் கேட்டாள். கைகளைப் பற்றியும் கேட்டிருக்கவேண்டும்.

புது அரிசி, தேன், கருவாடு, உழுந்து, முருங்கைக்காய் என்று மூட்டைகள். ஈரப்பெரியகுளம் இராணுவச் சோதனைச் சாவடியில் பஸ்ஸை நிறுத்தி எல்லாவற்றையும் இறக்கிக் கொட்டி, திரும்பக் கட்டி ஏற்றி, கண்டிக்கு வந்து, அங்கிருந்து ஹட்டன் பஸ். கினிகத்தேனை மலைப்பாதை வளைவுகள் தொடங்கியதும் மூக்கன் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, "பயப்பிடாதேங்கோ, இது என்ர நாடு, எனக்கு ஒவ்வொரு முடக்கும் தெரியும்" என்று தாய்க்கும் மகளுக்கும் தைரியம் சொன்னான். அந்த இருவரும் மாங்காய் தின்றுகொண்டு யன்னலால் புதினம் பார்த்தார்கள். யன்னலால் தலையை நீட்டிச் சத்தி எடுத்தது மூக்கன்தான்.

லயத்து வாசலில் கமலாட்சி தம்பியின் கன்னத்தை இரண்டு கையாலும் பிடித்து, "கறுத்துப் போயிட்டியேடா" என்று அழுதாள். மாயாண்டி பின்னால் நின்றார். மெலிந்த, உயர்ந்த மனிதர். சிரித்தாரா இல்லையா என்று மீசைக்குள் தேடிப்பார்க்க வேண்டும்.

"வாங்க, வாங்க. மொதல்ல தண்ணி குடிங்க. நெறையாக் குடிங்க, இங்க தண்ணிக்கு முறையெல்லாம் கெடையாது."

"ஓம் மச்சான்" என்றான் மூக்கன். சிவனேஸ்வரி மெச்சிப் பார்த்தாள்.

மறுநாள் ஞாயிறு. அனோஜா மலை உச்சிக்குப் போகவேண்டுமென்றாள். "என்ர காலடி படாத கல்லு இந்த மலையில இல்லை" என்று மூக்கன் முன்னால் நடந்தான். முதலாவது குறுக்குப் பாதை முடிவதற்குள் முழங்கால் இரண்டும் வேலைநிறுத்தம் செய்துவிட்டன. இருபது வருடத்துக்கு மேலாகக் குளக்கட்டை விட உயரமான எதிலும் ஏறாத கால்கள். ஐம்பதைத் தொட்ட கமலாட்சி மாயாண்டிக்குப் பின்னால் வெற்றிலை மென்றபடி மேலே மேலே போய், ஒவ்வொரு வளைவிலும் நின்று தம்பி வந்து சேருமட்டும் சிரித்துக்கொண்டிருந்தாள்.

பாதி வழியில் சிவனேஸ்வரி ஒரு சத்தம் போட்டாள். சேறென்று நினைத்துக் காலில் தட்டியது அட்டை. கமலாட்சி மடியிலிருந்து சவர்க்காரத் துண்டொன்றை எடுத்துத் தேய்த்துவிட்டாள்.

"வன்னியில பாம்புக்கும் யானைக்கும் நடுவுல இருக்கிற பொம்பள, இதுக்குப் போயா பயப்படுற?"

"பாம்பு கடிச்சிட்டுத் தன்ரபாட்டில போயிரும் மச்சாள். இது எங்களோடையெல்லோ வீட்டுக்கு வருகுது."

உச்சியில் மூட்டம் விலகி, தூரத்தில் சிவனொளிபாதமலை தெரிந்தது. அனோஜா கைகூப்பினாள். சிவனேஸ்வரி அட்டையையும் மறந்து நின்றாள். மூக்கன் மலையைப் பார்க்கவில்லை. எதிர்ச் சரிவில் வெள்ளை நூல் மாதிரி இறங்கிக்கொண்டிருந்த ஓடைகளை ஒவ்வொன்றாகப் பார்த்தான்.

"மச்சான், உவ்வளவு தண்ணியும் எங்க போகுது?"

"கீழ."

"கீழ எண்டா எங்க?"

"எனக்கென்னா தெரியும். தண்ணி அதுபாட்டுக்குப் போகுது. நாம நம்மபாட்டுக்கு இருக்கோம்" என்றார் மாயாண்டி.

நெளுக்குளத்தில் இப்போது குளம் வெடித்துப் பாளம் பாளமாகக் கிடக்கும். நடுவில் மாடு மேயும். இங்கே ஒரு மனிதன் தண்ணீர் எங்கே போகிறதென்று கேட்டும் பார்க்காமல் தலை நரைத்துப்போயிருக்கிறான். ஆனாலும் மூக்கன் ஓம் என்றான்.

லயத்துக்குப் பக்கத்தில் தண்ணீர் விழும் பீலி. மேலே காட்டுக்குள்ளிருந்து வரும் ஓடையைக் கல் வாய்க்காலில் திருப்பிவிட்டிருந்தார்கள். இரவு பகலென்று இல்லாமல் பீலியால் கொட்டிக்கொண்டேயிருக்கும். பெண்கள் குடத்தை வைப்பார்கள், நிரம்பியதும் எடுத்துக்கொண்டு போவார்கள். நிறுத்துவதற்கு அதில் ஒன்றும் இல்லை. மூக்கன் ஒரு வாழை மட்டையைச் சுருட்டி அடைத்துப் பார்த்தான். கீழ் லயத்துக் கிழவி ஒருத்தி அதைப் பிடுங்கி எறிந்துவிட்டு, இந்தப் பிள்ளைக்கு மண்டையில் ஏதும் கோளாறா என்று கமலாட்சியிடம் விசாரித்துவிட்டுப் போனாள்.

சொல்ல வந்த அலுவலை மூக்கன் மறக்கவில்லை. தேத்தண்ணி குடிக்கும்போது கேட்டான், சாப்பிடும்போது கேட்டான், மாயாண்டி பீடி பற்றவைக்கும்போது தீப்பெட்டியை நீட்டிக்கொண்டு கேட்டான். "மச்சான், தை மாசம் அக்காவை ஒருக்கா அனுப்பி வைக்கவேணும்." ஒவ்வொரு தடவையும் மாயாண்டியின் முகம் அடைத்த கடை மாதிரி ஆகும். "பாப்போம்" என்பார். எழுந்து லயத்துக்குப் பின்னால் போய்விடுவார்.

லயத்துக்குப் பின்னால் அவருடைய கோவாப் பாத்தி, அதாவது முட்டைக்கோஸ். மகன்மார் இரண்டு பேரும் கொழும்பில் கடை வேலைக்குப் போன பிறகு அவர் பிள்ளைகளாக வளர்த்தது அந்தக் கோவாக்களைத்தான். நல்ல கட்டுக்கட்டாய் முற்றிக்கொண்டிருந்தன. மூக்கன் அதைப் பார்த்தான். பாத்திக்குச் சற்று மேலே, கல் வாய்க்காலுக்கும் மேலே, ஓடை ஒரு சமதரையில் தயங்கி வளைந்து போவதையும் பார்த்தான். ஓடைக்கும் கோவாவுக்கும் இடையில் தொடுப்பே இல்லை. பாவம், மனிதர் வானத்தை நம்பியே தோட்டம் செய்கிறார்.

மச்சானின் மனதை எப்படிப் பிடிப்பதென்று மூக்கனுக்கு வெளித்தது. நெளுக்குளத்தில் ஒருவனுடைய பயிருக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தால் அவன் உயிர் உள்ளவரை உனக்கு அடிமை. அப்புத்துரையே மசிந்தாரே.

மலைநாட்டில் அது அடைமழைக் காலம் என்பதையும், கோவாவுக்கு அப்போது வேண்டியது குடையே தவிரத் தண்ணீர் அல்ல என்பதையும் அவனுக்கு யாரும் சொல்லவில்லை. அவனும் யாரையும் கேட்கவில்லை. வாய் திறப்பதில்லை என்று வாக்குக் கொடுத்திருந்தான்.

மாயாண்டியும் கமலாட்சியும் மலைக்கு வேலைக்குப் போனதும் தொடங்கினான். கல் அடுக்கினான். புல்லோடு சேர்த்து மண்கட்டி வெட்டி வைத்தான். வாழைக்குற்றியைக் கிடத்தி, உரப் பைகளில் மண் நிரப்பிச் சாத்தினான். விடுமுறையில் இருந்த லயத்துப் பிள்ளைகள் அத்தனையும் கூடிவிட்டன. அனோஜா அவர்களை வரிசையாக நிறுத்திக் கைக்குக் கை கல் கடத்தவைத்தாள்.

சிவனேஸ்வரி ஏசிக்கொண்டுதான் வந்தாள். "உங்களுக்கு என்ன விசரே? விருந்துக்கு வந்த இடத்தில…" என்று தொடங்கியவள், கட்டைப் பார்த்ததும் நிறுத்தினாள். அவளும் அப்புத்துரையின் மகள். "கட்டு கோணலாக் கிடக்கு. இந்தப் பக்கத்தால உடைக்கும். இன்னும் ரெண்டு பை வையுங்கோ" என்று சேலையைத் தூக்கிச் செருகினாள்.

மத்தியானம் திரும்பும்போது குருவிமலையில் முறைப்படி ஒரு குளம் இருந்தது. கோவாப் பாத்திப் பக்கம் தண்ணீர் திறந்துவிட மூங்கில் குழாய் வைத்து ஒரு துருசு. மிச்சத் தண்ணீர் வழிந்து பள்ளத்தில் இறங்க மற்றப் பக்கத்தில் ஒரு வான். மூக்கன் கையைக் கழுவிக்கொண்டு கட்டின்மேல் நின்று பார்த்தான். தண்ணீர் மெல்ல மெல்ல ஏறியது. எத்தனையோ நாளாக உறுத்திக்கொண்டிருந்த கண்ணுக்கு மருந்து விட்டதுபோல் இருந்தது. எல்லாம் சரிதான். கல் வாய்க்காலுக்கு, அதாவது பீலிக்கு, ஒரு வழி வைக்கத்தான் அவன் மறந்துபோனான்.

வேலை விட்டு வந்த பெண்கள் குடத்தோடு பீலிக்குப் போனார்கள். பீலி இரண்டு சொட்டு விட்டது, பிறகு அதுவும் இல்லை. அந்தப் பீலி நின்றுபோனதை அங்கே பிறந்த யாரும் பார்த்ததில்லை. மலை சரிந்துவிட்டதோ என்று ஒருத்தி பயந்தாள். கோயிலில் ஏதோ குறை என்றாள் இன்னொருத்தி. வாழை மட்டையைப் பிடுங்கி எறிந்த கிழவி மட்டும் ஒன்றும் யோசிக்கவில்லை. நேரே மாயாண்டியின் வாசலுக்கு வந்து, "ஒன் மச்சினன் எங்க?" என்று கேட்டாள்.

மாயாண்டி அப்போதுதான் பின்பக்கம் போய்த் தன் கோவாக்களைப் பார்த்துவிட்டு வந்திருந்தார். பாத்தி தெரியவில்லை. தண்ணீர்ப் பரப்பில் கோவாக்கள் தலையை மட்டும் நீட்டிக்கொண்டிருந்தன. மனிதர் மண்வெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு மேலே நடந்தார். பின்னால் கமலாட்சி. அவளுக்குப் பின்னால் வெறுங்குடங்களோடு மேல் லயம், கீழ் லயம் இரண்டின் பெண்களும்.

மேலே குளம் இடுப்பளவு நிரம்பி, சின்னதாக வான் பாய்ந்துகொண்டிருந்தது. நடுவில் அனோஜா. லயத்துப் பிள்ளைகளின் வயிற்றைத் தாங்கிப் பிடித்து, ஒவ்வொன்றாக நீந்தப் பழக்கிக்கொண்டிருந்தாள். பாறையில் விழுந்து ஓடும் தண்ணீரில் அள்ளிக் குளித்ததைத் தவிர, நின்ற தண்ணீரில் மிதப்பது என்றால் என்னவென்று அந்தப் பிள்ளைகளுக்குத் தெரியாது. காலடித்த அடியில் மலை முழுக்கச் சத்தம். மூக்கன் தன் துருசைச் சரிபார்த்தபடி தண்ணீருக்குள் நின்றான். ஊர்வலத்தைக் கண்டதும், பிழை விட்டது அவனுக்கு விளங்கிவிட்டது. எந்தப் பிழை என்றுதான் விளங்கவில்லை.

"மச்சான், உங்கட கோவாவுக்குத் தண்ணி…" என்றான்.

யாரும் சிரிக்கவில்லை. கமலாட்சி மட்டும் குளத்தைப் பார்த்துக்கொண்டே நின்றாள். பிறகு கொழுந்துக்குப் போய்வந்த அதே உடுப்போடு, செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு உள்ளே இறங்கினாள். முழங்கால், இடுப்பு. அப்படியே குந்தியிருந்து கழுத்துவரை அமிழ்ந்தாள்.

"ஒங்க ஊருக் கொளம் இப்பிடித்தான் இருக்குமாடா?"

"இது கோழிக்குஞ்சுக்கு வைக்கிற சிரட்டை அக்கா. எங்கட குளத்துக்கு மறுகரை தெரியாது."

கமலாட்சி சிரித்தாள். வாய் நிறைய வெற்றிலைச் சிவப்போடு, சின்னப் பெண் மாதிரி, தண்ணீரைக் கையால் அடித்து அடித்துச் சிரித்தாள். குடத்தோடு வந்த பெண்களில் இரண்டு பேர் ஒருவரையொருவர் பார்த்துவிட்டுக் குடத்தை இறக்கி வைத்தார்கள்.

மாயாண்டி கட்டின்மேல் ஏறினார். மண்வெட்டியை ஓங்கவில்லை. அதை ஊன்றிக்கொண்டு மனைவியையே பார்த்தபடி நின்றார். மூக்கன் கும்பிட்டான்.

"கோவா போனது என்ர பிழைதான் மச்சான். என்ன சொன்னாலும் கேட்டுக்கொள்ளுறன். ஆனா அக்காவை மட்டும் மறிக்காதேங்கோ. தை மாசம் அக்காவை அனுப்பி வையுங்கோ."

"அக்காவ அனுப்பு, அக்காவ அனுப்பு" என்றார் மாயாண்டி. குரல் வழக்கத்தைவிடத் தாழ்ந்திருந்தது. "இத்தன வருசமா ஆள்கிட்ட சொல்லிவிட்டாலும் அதான். வந்து எறங்குன நாள்லேர்ந்தும் அதான். நான் ஒருத்தன் இருக்கேனே மூக்கா. வீட்டு மருமகன். வெத்தல வச்சு என்னைய வாங்கன்னு ஒரு வார்த்த கூப்பிட்டியா நீ?"

மூக்கன் கும்பிட்ட கையை இறக்கினான். உண்மையாகவே கூப்பிடவில்லை. இந்த மனிதர் தன்னையும் தன் காட்டையும் ஏளனமாக நினைக்கிறார், கூப்பிட்டால் மூஞ்சியில் அறைந்தாற்போல் மறுப்பார் என்று பயந்து, அவரைச் சுற்றிக்கொண்டு போகவே இத்தனை காலமும் வழி தேடியிருக்கிறான்.

"பயலுக ரெண்டும் கொழும்புல" என்றார் மாயாண்டி. பெண்கள் எல்லோரும் கேட்டுக்கொண்டிருப்பதை அவர் கவனித்ததாகத் தெரியவில்லை. "இவளையும் அனுப்பிட்டு நான் லயத்துல யார் மொகத்தப் பாத்துக்கிட்டு இருக்கிறது? தாலி கட்டுன நாள்லேர்ந்து இவ இல்லாம ஒரு ராத்திரி நான் தூங்குனதில்ல. அதச் சொல்ல வெக்கமா இருந்துச்சு. அதான் யானை, செல்லுன்னு என்னென்னமோ சொல்லிக்கிட்டிருந்தேன்."

கமலாட்சியின் சிரிப்பு நின்றது. பிறகு அவள் இடுப்பிலிருந்த சுருக்குப்பையை அவிழ்த்து, நனைந்துபோன வெற்றிலையில் நல்லதாக இரண்டைத் தேர்ந்து, பாக்கோடு சேர்த்துத் தம்பியின் கையில் வைத்தாள்.

"கூப்பிடுடா" என்றாள்.

இடுப்பளவு தண்ணீரில் நின்றபடி மூக்கன் இரண்டு கைகளையும் நீட்டினான். வெற்றிலையிலிருந்து தண்ணீர் வடிந்தது. அவன் கண்ணிலிருந்தும் வடிந்தது. "மச்சான், தை மாசம் என்ர பிள்ளைக்குக் கலியாணம். நீங்கள் வரவேணும். வந்து முன்னுக்கு நிண்டு நடத்தித் தரவேணும்."

மாயாண்டி குனிந்து வெற்றிலையை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். "கூப்பிட்டா வராம இருப்பேனா" என்றார்.

"அதெல்லாம் போவீங்க" என்றாள் அந்தக் கிழவி. "மொதல்ல பீலிக்குத் தண்ணிய விடுங்க. ராவைக்குச் சோறு ஆக்கணும்."

மாயாண்டி வெற்றிலையைச் சட்டைப் பைக்குள் வைத்துவிட்டு மண்வெட்டியை எடுத்தார். மூக்கன் கரையேறி, எந்தப் பையை முதலில் எடுத்தால் கட்டு சேதமில்லாமல் இறங்கும் என்று காட்டினான். அவர் வெட்டினார். இவன் கல்லைப் புரட்டினான். தண்ணீர் கல் வாய்க்காலுக்குள் பாய்ந்து கீழே இறங்க, பெண்கள் குடங்களைத் தூக்கிக்கொண்டு பீலியை நோக்கி ஓடினார்கள். அனோஜா பிள்ளைகளைக் கரையேற்றினாள்.

கமலாட்சி மட்டும் வெளியே வரவில்லை. சிவனேஸ்வரி இரண்டு தரம் கூப்பிட்டுப் பார்த்தாள். புருஷன் இத்தனை பேர் முன்னால் இப்படிச் சொல்லிவிட்டாரே என்ற வெட்கத்தில், யார் முகத்தையும் பார்க்க மாட்டாமல், தண்ணீர் இடுப்பிலிருந்து முழங்காலுக்கு இறங்கி, முழுக்க வடியுமட்டும் அவள் அங்கேயே நின்றாள்.